அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தவர்

என் அப்பா 2009-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் ஓர் உயில் எழுதினார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்திட்டவர் அல்லர். ஆவண எழுத்தர் கொண்டுவந்த நான்கு பக்கங்களிலும் ஒற்று மிகாமல் விடுபட்ட இடங்களையெல்லாம் சுழித்து, மறுபடியும் தட்டச்சு செய்யவைத்தார் என்று அம்மா இன்றும் சொல்வார். அந்த உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார். பதிவாகிவிட்டது, இனிப் பிள்ளைகளுக்கு வேலையில்லை என்று அவர் நம்பினார். நாங்களும் அப்படியே நம்பினோம். 2021-இல் அவர் காலமானார். அவர் எழுதியபடி நடப்பதற்கான உத்தரவு எங்கள் கைக்கு வர, மனு போட்ட நாளிலிருந்து பதினான்கு மாதங்கள் ஆயின.

இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் சண்டை எதுவும் இல்லை. சண்டை இல்லாத குடும்பத்துக்கே இவ்வளவு நடை என்றால், எங்கோ நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள். அது எங்கே என்பதை எழுதிவைக்கவே இந்தப் பதிவு. நான் வழக்கறிஞர் அல்ல; முப்பது ஆண்டுகள் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவள். ஆகவே இதில் சட்டம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அலைச்சலும் இருக்கும்.

உயில் எழுதும்போது நம் கவனம் முழுவதும் யாருக்கு எது என்பதிலேயே போய்விடுகிறது. அந்தத் தாள் பேசத் தொடங்கும் நாளில் எழுதியவர் இருக்கமாட்டார். விற்பனைப் பத்திரத்தில் ஐயம் எழுந்தால் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். உயிலில் அந்த வசதி இல்லை. இது அவர் எழுதியதுதானா, தெளிந்த புத்தியோடு எழுதினாரா, யார் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்ற கேள்விகளுக்கெல்லாம் அவருக்குப் பதிலாக வேறொருவர் விடை சொல்லவேண்டும். அந்த வேறொருவரைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. அப்பாவும் யோசிக்கவில்லை.

சொத்து விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீடு, சென்னை புரசைவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கிராமத்தில் நூறு சென்ட் நஞ்சை, வங்கியில் வைப்புத்தொகை. நானும் தம்பியும் தங்கையுமாக நாங்கள் மூவர். தங்கை அப்பாவுக்கு முன்பே, உயில் எழுதப்படுவதற்கும் முன்பே இறந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வீட்டை அம்மா தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் தம்பி அடையவேண்டியது; குடியிருப்பு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி; வைப்புத்தொகை பேத்திகள் இருவருக்கும்; நஞ்சை அம்மாவுக்கு. இதுதான் உயிலின் சாரம்.

குடியிருப்பை விற்கப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. வாங்க வந்தவர் வங்கிக் கடன் வாங்கி வாங்குகிறவர். அந்த வங்கியின் சட்ட ஆலோசகர் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உயிலுக்குப் புரொபேட் எங்கே என்று கேட்டார். பதிவு செய்த உயில் ஆயிற்றே என்றேன். பதிவு வேறு, புரொபேட் வேறு என்றார்.

உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் உயில் உயில்தான். பதிவு செய்தால், இன்ன நாளில் இன்னார் நேரில் வந்து இந்த ஆவணத்தைக் கொடுத்தார் என்பதற்கு அரசுப் பதிவேட்டில் ஒரு தடம் இருக்கும். ஆவணம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். அதன் பயன் அவ்வளவே. உயில் உண்மையானது என்று சார்பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைச் சொல்வது நீதிமன்றம். நீதிமன்றம் உயிலை ஆராய்ந்து, இது மெய்யானது என்று முத்திரையிட்டு, உயிலின் நகலோடு இணைத்துத் தருவதே புரொபேட்.

இந்தியா முழுவதும் எல்லோருக்கும் புரொபேட் கட்டாயமாக இருந்ததில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைத்த விதி இது: இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் ஆகியோரின் உயில் பழைய மாகாணத் தலைநகரங்களான சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள்ளோ அன்றைய வங்க மாகாணத்துக்குள்ளோ எழுதப்பட்டிருந்தாலோ, வெளியே எழுதப்பட்டிருந்தும் அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றியதாக இருந்தாலோ, அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோரப் புரொபேட் வேண்டும். முஸ்லிம்களின் உயிலுக்கு இது பொருந்தாது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்கும் பொருந்தாது. அப்பா உயில் எழுதியது கும்பகோணத்தில். ஆனால் குடியிருப்பு புரசைவாக்கத்தில். அவர் அதே பணத்துக்கு அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் தாம்பரத்தில் வாங்கியிருந்தால் எங்களுக்கு இந்தப் படலமே இருந்திருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வளர்த்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக, ஒரே உயிலின் ஒரு பத்திக்கு ஒரு சட்டமும் அடுத்த பத்திக்கு இன்னொரு சட்டமும் நடந்துவந்தன.

வந்தன என்று இறந்தகாலத்தில் எழுதக் காரணம் உண்டு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. ஊரைப் பொறுத்தும் மதத்தைப் பொறுத்தும் இருந்த அந்தக் கட்டாயம் இனி இல்லை. செய்தியைப் படித்த தம்பி தொலைபேசியில், நாம் நான்கு வருஷம் பொறுத்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்கவேண்டாமே என்று வருத்தப்பட்டான். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் நீங்கியது புரொபேட் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் மட்டுமே. யாராவது ஒருவர் உயிலை மறுத்துவிட்டால், அதை மெய்ப்பிக்கவேண்டிய சுமை முன்பு போலவே உயிலைக் காட்டுகிறவர் தலையில்தான் விழும். புரொபேட் வாங்கும் வழியும் மூடப்படவில்லை, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். கடன் கொடுக்கும் வங்கியின் ஆலோசகர் எதைக் கேட்பார் என்பது அவருடைய எச்சரிக்கையைப் பொறுத்தது.

சரி, உயிலே இல்லாததுபோல் விட்டுவிட்டு, வாரிசுகள் எல்லோருமாகக் கையெழுத்திட்டு விற்றிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பல குடும்பங்கள் அதைத்தான் செய்கின்றன. எங்களுக்கும் ஒருவர் அதைத்தான் சொன்னார். உயில் இல்லையென்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி, இறந்த தங்கையின் கிளை என்று நான்கு சம பங்கு. தங்கையின் பங்கு அவளுடைய இரண்டு பெண்களுக்குப் போகும். இருவரும் அப்போது மைனர்கள். மைனரின் அசையாச் சொத்தை, பெற்ற தகப்பனே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் நீதிமன்றத்தின் வாசல்தான். அப்பா எழுதியபடியே போய்விடுவோம் என்று முடிவு செய்தோம்.

வழக்கறிஞர் உயிலை வாங்கி, முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்துவிட்டு, இதில் நிறைவேற்றுநர் யார் என்று கேட்டார். நான்கு பக்கங்களில் சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை, நிறைவேற்றுநரும் இல்லை. உயிலில் சொன்னபடி கடனை அடைத்து, சொத்தைப் பிரித்துக் கொடுக்கப் பொறுப்பேற்கிறவரே நிறைவேற்றுநர். புரொபேட் என்பது அவருக்கு மட்டுமே வழங்கப்படுவது. அப்படி ஒருவர் குறிப்பிடப்படவில்லை என்றால் புரொபேட் கேட்க ஆளே இல்லை. அதற்குப் பதிலாக, சொத்தைப் பெறுகிறவர்களில் ஒருவர் உயிலை இணைத்து லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்னும் நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்டு மனுச் செய்யவேண்டும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இந்த வழியில் போகிறவர் நீதிமன்றத்துக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். 'இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் மூத்த மகளுக்கு அளிக்கிறேன்' என்ற ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அது வேண்டியிருந்திருக்காது. 'சுய நினைவுடனும் நல்ல புத்தியுடனும், பிறர் தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி மனப்பூர்வமாய்' என்று முதல் பத்தியை அவ்வளவு நீட்டிய ஆவண எழுத்தருக்கு இந்த ஒரு வாக்கியம் தோன்றவில்லை.

அடுத்த கேள்வி, சாட்சிகள் இருக்கிறார்களா என்பது.

உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எதற்குச் சாட்சி என்பது பலருக்குத் தெரியாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்வது இது: எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்கவேண்டும், அல்லது, இது என் கையெழுத்து என்று எழுதியவர் தம் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்கவேண்டும், அதன்பின் எழுதியவரின் முன்னிலையில் தாமும் கையெழுத்திட்டிருக்கவேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. பின்னாளில் உயிலை மெய்ப்பிக்க, அவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவராவது வந்து சொல்லவேண்டும். எங்கள் மனுவின்போது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவாக இருந்த அந்த விதி, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67-ஆம் பிரிவாக இருக்கிறது. சாட்சிகள் ஒருவருமே இல்லையென்றால் கையெழுத்துகளை அடையாளம் காட்டக்கூடியவர்களைக் கொண்டு மெய்ப்பிக்க வழி உண்டு. ஆனால் அது கரடுமுரடான வழி.

அப்பாவின் உயிலில் முதல் சாட்சி, எதிர் வீட்டில் இருந்த பெரியவர். அவர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். இரண்டாம் சாட்சி அப்பாவின் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர்; ஊரை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. உயிலில் இருந்த முகவரியில் இப்போது ஒரு துணிக்கடை. பழைய ஆசிரியர்களிடம் விசாரித்து விசாரித்து, அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தபோது ஒன்றரை மாதம் ஓடியிருந்தது. இருக்கிறாரா என்று கேட்கவே நாக்கு கூசியது. இருந்தார், வயது எண்பத்து மூன்று.

நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். திண்ணைபோல் ஒதுக்கிய முன்னறையில், கட்டில் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். உயிலின் நகலை நீட்டினேன். தலையணைக்கு அடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு நேராகத் தம்முடைய கையெழுத்துக்குப் போனார். பேர் முழுவதையும் எழுதி, கீழே கோடு இழுத்து, கோட்டின் முனையில் இரண்டு புள்ளி வைக்கும் கையெழுத்து. புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் போட்டதுதாம்மா. ரெண்டு புள்ளியும் இருக்கு" என்றார்.

"சார், அப்பா கையெழுத்துப் போட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நான் இல்லை என்றார் கொஞ்ச நேரம் கழித்து. தம்பி என்னைப் பார்த்தான். அன்று அவர் வர நேரமாகிவிட்டதாம். ஆவண எழுத்தரின் அறைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அப்பா நான்கு பக்கங்களிலும் கையெழுத்திட்டு முடித்து, எதிர் வீட்டுப் பெரியவரும் போட்டுவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். அப்பா பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டி, "நாலும் என் கையெழுத்துதான், பாத்துக்கிட்டுப் போடுங்க" என்றாராம். பதினைந்து மாணவர்களின் விடைத்தாளை மேற்பார்வை பார்க்கக் கொடுப்பதுபோல் கொடுத்தார் உங்கப்பா என்று சிரித்தார். அவர் போடும் வரை அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

நான் நெஞ்சு படபடக்க வெளியே வந்து வழக்கறிஞரை அழைத்தேன். அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். போதும், சட்டம் கேட்பது அதைத்தான் என்றார். கண்ணால் பார்க்காவிட்டாலும், எழுதியவரே ஒப்புக்கொண்டதைக் காதால் கேட்டிருக்கிறார். அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடியே எழுதுவோம், பார்த்தேன் என்று ஒரு சொல்கூடக் கூட்டவேண்டாம் என்று சொல்லி, அதன்படியே பிரமாணப் பத்திரம் தயாரித்தார். அந்தப் பெரியவர் அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, இரண்டு புள்ளி வைத்தே கையெழுத்திட்டார். மரியாதைக்காகவோ பயத்துக்காகவோ அவர் அன்று 'ஆமாம், பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருப்பேன். குறுக்கு விசாரணை என்று ஒன்று வந்திருந்தால், அந்த ஒரு பொய்யில் நான்கு பக்கமும் போயிருக்கும். ஐயத்துக்கிடமான சூழல் ஏதாவது தென்பட்டால் அதை நீக்கவேண்டியது உயிலை முன்வைக்கிறவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றுவரை உயில் வழக்குகளில் மேற்கோளாக வருகிறது.

மீதி நடைமுறையை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சொத்துப் பட்டியலும் மதிப்பும், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், பத்திரிகையில் அறிவிப்பு, நீதிமன்றக் கட்டணம். பேத்திகள் மைனர்கள் என்பதால் அவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, அவர்கள் சார்பில் தங்கையின் கணவர் நின்றார். மாப்பிள்ளையை நீதிமன்றப் படியேற்றுவது அம்மாவுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. யாராவது ஆட்சேபம் தெரிவித்திருந்தால் மனு அப்படியே வழக்காக மாறி, ஆண்டுக்கணக்கில் போயிருக்கும். எங்களுக்கு அது நேரவில்லை.

நஞ்சையில் மட்டும் அப்பா செய்தது தவறு. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம் அது. அவர் 1978-இல் உயில் எழுதாமல் இறந்தார். அன்று பாட்டி, அப்பா, அத்தை ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. பிறகு பாட்டியும் உயில் எழுதாமல் போனபின் அவருடைய பங்கு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து பாதி. நூறு சென்ட்டில் ஐம்பது அத்தையுடையது. ஆனால் பட்டா அப்பா பெயரில் மட்டும் இருந்தது. அப்பாவும் நூறு சென்ட்டையும் தம் நிலமாகவே எழுதிவிட்டார். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது ஒன்றே உரிமை ஆகிவிடாது. தமக்கு உரிமையில்லாததை ஒருவர் உயிலால் கொடுக்கவும் முடியாது. அத்தைக்கு அப்போது எழுபத்தாறு வயது. நான் போய்ச் சொன்னதும், அண்ணன் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும், எனக்கெதுக்கு இனிமே நிலம் என்றார். அவருடைய பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். அந்த மௌனத்தைப் பார்த்தபின், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ஐம்பது சென்ட்டை அவர் பெயருக்குக் கொடுப்பதுதான் முறை என்று அம்மாவே சொன்னார்.

அம்மாவுக்கு வேறொரு மனக்குறை இருந்தது. வீட்டை ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அப்பா எழுதியிருந்தார். "நான் எங்கே விக்கப் போறேன்? ஆனா விக்கக் கூடாதுன்னு எழுதணுமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார், அதன்பின் கேட்கவில்லை. ஆயுட்கால உரிமை என்பது நம் உயில்களில் சர்வசாதாரணமாக வரும் சொல். கணவர் போனபின் அம்மாவை யாரும் வெளியேற்றிவிடக் கூடாது, அதே சமயம் சொத்து பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் நீதிமன்றங்களில் அதிகம் அடிபடும் சொல்லும் அதுவே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, ஒரு பெண் வசம் இருக்கும் சொத்தை அவருக்கே முழு உரிமையாக்குகிறது. இரண்டாம் உட்பிரிவு, உயில் போன்ற ஆவணம் விதித்த கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறது. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதாக இருந்தால் கட்டுப்பாடு நிற்காது, முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதற்காகக் கொடுக்கிறேன் என்பதை எழுதியவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், எந்த உட்பிரிவு என்று அடுத்த தலைமுறை வழக்காடும். என்னைக் கேட்டால், மனைவிக்கு முழு உரிமையோடு எழுதிவைத்து, அவரையும் ஓர் உயில் எழுதச் சொல்வதே மேல். மனைவியை நம்ப முடியாதவர் வேறு யாரை நம்பி உயில் எழுதுகிறார்?

வைப்புத்தொகைக்குத் தம்பி நாமினி. உயிலில் பேத்திகளுக்கு என்று இருந்தது. வங்கி தம்பியிடம் கொடுத்தது. தம்பி அதை இரு குழந்தைகளின் பெயரிலும் போட்டுவிட்டான். நாமினிதான் சொத்துக்காரர் என்று எண்ணுகிற குடும்பங்கள் ஏராளம். என் பணிக்காலத்தில் அதனால் முகம் முறிந்துபோன அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். நாமினி பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்க்கிறவர். பங்குகள், கடன் பத்திரங்கள் விஷயத்திலும் அதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம். நான்கு பேரைப் போட்டாலும் உயிலோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்காவிட்டால், குழப்பமும் நான்கு மடங்காகும்.

இவ்வளவும் முடிந்தபின் உறவில் பலர் என்னிடம் யோசனை கேட்கத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் கேட்பது, உயில் எழுதுவதா, தான செட்டில்மென்ட் எழுதுவதா என்று. செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றே கை மாறும். பின்னால் மெய்ப்பிக்கும் தொல்லை குறைவு. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பை 40,000 ரூபாயாகவும் பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பை 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். உயிலுக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மென்ட்டை நினைத்தபோது மாற்ற முடியாது. எழுதிக் கொடுத்தபின் சோறு போடாத பிள்ளைகளிடமிருந்து சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். அதற்கு, என்னைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பது நல்லது. பிள்ளையிடம் அப்படி நிபந்தனை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் உயிலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

என் சித்தியின் கேள்வி வேறு மாதிரி இருந்தது. அவருடைய மகனுக்கு முப்பத்திரண்டு வயது. மனவளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு நின்றுவிட்டது. எனக்குப் பிறகு அவனுக்கு வீடு இருக்கும், பணம் இருக்கும், அதை எடுத்துச் செலவு செய்ய அவனுக்குத் தெரியாதே என்றார். இந்த இடத்தில் வெறும் உயில் போதாது. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி ஒரு தனியார் டிரஸ்ட் அமைத்து, சொத்தை டிரஸ்டிகள் பெயரில் வைத்து, அவனுடைய உணவு, மருத்துவம், உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து செலவிடும்படி எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே அசையாச் சொத்தை வைத்து டிரஸ்ட் அமைத்தால் பத்திரத்தைப் பதிவு செய்யவேண்டும். உயிலுக்குள்ளேயேகூட டிரஸ்ட் ஒன்றை உருவாக்கலாம். பணத்துக்கு டிரஸ்டி கிடைத்துவிடுவார். அவனுக்காகக் கையெழுத்திடுகிற, எங்கே தங்கவேண்டும் என்று முடிவெடுக்கிற ஆள் தனி. அதற்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கவேண்டும். பதினெட்டு வயது ஆனபின் பெற்ற தாயே ஆனாலும் அந்த நியமனம் வேண்டும் என்பதைச் சித்தி பதினான்கு ஆண்டுகளாக அறியாமல் இருந்தார். இருவரையும் ஒரே ஆளாக வைக்கவேண்டாம் என்று சொன்னேன். பணம் வைத்திருப்பவரை, பையனோடு இருப்பவர் கேள்வி கேட்கவேண்டும். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளையில்லாத பெண்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கணவரை இழந்த, குழந்தையில்லாத இந்துப் பெண் தன் உழைப்பில் வாங்கிய வீடு, அவள் உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி முதலில் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண்ணின் பணம் அதே புகுந்த வீட்டாருக்கே போகும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டிவந்தது. சட்டம் அப்படி இருக்கிறது, அனுதாபம் வேறு என்றது. என் அலுவலகத் தோழி ஒருத்தி இதைக் கேட்ட அன்று மாலையே வெள்ளைத்தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

நானும் போன மாதம் எழுதி முடித்தேன். மூன்று பக்கம். நிறைவேற்றுநராக என் மகள். அவளால் இயலாவிட்டால் தம்பி. பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தவை போக, மிஞ்சியதும் இனி வரப்போவதும் யாருக்கு என்று ஒரு பத்தி. எழுதிய வாரத்தின் தேதியிட்ட மருத்துவர் சான்று ஒன்று. எழுதியதை மூடிய உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்துவிடப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதைத்தான் செய்யப்போகிறேன். அப்பாவின் மூல உயில் இப்போது எங்களிடம் இல்லை. அது நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கிறது. எங்களிடம் இருப்பது சான்றிட்ட நகல். உயர் நீதிமன்றச் சிவப்புக் கட்டடத்தை அப்பா பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

சாட்சிகளாக என் வயதுத் தோழிகளை வைக்கவில்லை. ஒருவர் தம்பியின் மகனுடைய நண்பர், வயது முப்பத்தொன்று. இன்னொருவர் கீழ்வீட்டுப் பெண், இருபத்தொன்பது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, தாள்களைத் தொடத் தயங்கி நின்றாள்.

"ஆன்ட்டி, நான் இதெல்லாம் படிக்கணுமா?"

"ஒண்ணும் படிக்க வேண்டாம்மா. நான் கையெழுத்துப் போடறேன், அதை மட்டும் நல்லாப் பாரு."

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.